முகத்திரை அணிந்த ரெபெக்காள்

ஐதராபாத்தில் மூசி ஆற்றின் தென்கரையிலுள்ள சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் ஒரு வெண்பளிங்குச் சிலை நிற்கிறது. இத்தாலியச் சிற்பி ஜொவான்னி மரியா பென்சோனி வடித்த அதனை, நிசாமின் திவான் முதலாம் சாலார் ஜங் 1876ஆம் ஆண்டு இத்தாலிப் பயணத்தின்போது வாங்கினார்.

பிறந்த ஊரைப் பிரிந்து, முன்பின் கண்டிராத ஈசாக்கை மணக்க ஒட்டகத்தில் நெடுந்தொலைவு வந்தவள் ரெபெக்காள். அவன் எதிரே வருகிறான் என்று அறிந்ததும் முக்காடிட்டுக் கொண்டாள் என்கிறது விவிலியம். அந்த நாணமே இங்குச் சிலையாயிற்று.

இடைக்கால இங்கிலாந்தின் சிற்பியர் விவிலியக் காட்சிகளை அலபாஸ்டர் என்னும் மென்கல்லில் செதுக்கி, வண்ணமும் தீட்டினர். பென்சோனிக்கோ வண்ணம் வேண்டியிருக்கவில்லை. திரையும் கல்லே, முகமும் கல்லே. மூக்கிலும் இதழிலும் துணி படிந்தாற்போல் கல்லை இழைத்து, மெல்லிய மடிப்புகளை அவற்றின்மேல் ஓடவிட்டார். மடிப்புகளில் ஒளியும் நிழலும் விழ, இல்லாத துணிக்குப் பின்னே ஒரு முகத்தைக் கண் காண்கிறது.