திங்கட்கிழமை மூட்டை ஏற்றும் வண்டியில் சனிக்கிழமைப் படுக்கை

வைகாசியில் காஞ்சிபுரம் வரதர் கோயில் கருட சேவைக்கு உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போன கதையைச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கூண்டு வண்டிக்குள் ஒரு முழ உயரத்துக்கு வைக்கோல், அதன்மேல் கோணி, அதற்கும் மேல் ஜமக்காளம். பிள்ளைகள் அதில் தூங்கிக்கொண்டே போவார்கள். அச்சுக்குக் கீழே ஒரு சாக்கைத் தொட்டில்போல் கட்டி, வாளியையும் கயிற்றையும் அதில் போட்டுவிடுவார்கள். காஞ்சியில் மாட்டை அவிழ்த்ததும், ராத்திரி மெத்தையாக இருந்த வைக்கோல் மாட்டுக்குத் தீனியாகிவிடும். ஊர் திரும்பியபின் கூண்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, அதே வண்டியில் எரு அடிப்பார்கள்.

வண்டியில் படுத்துத் தூங்கியபடி ஊர் சுற்ற வேண்டும் என்ற ஆசை இப்போது பலருக்கு வந்திருக்கிறது. கேரவன் என்றாலே சினிமாக்காரர்களுடைய பேருந்து நினைவுக்கு வருவதால், லட்சக்கணக்கில் செலவாகும் என்று தயங்குகிறார்கள். அவ்வளவெல்லாம் வேண்டாம். வீட்டில் ஒரு பொலிரோவோ, ஈகோவோ, பழைய ஆம்னியோ நின்றால் போதும். ஆனால் நம் ஊரில் அந்த வண்டி ஊர் சுற்றுவதற்காக மட்டும் வாங்கியது இல்லை. திங்கட்கிழமை விதைநெல் மூட்டை ஏற்ற வேண்டும், புதன்கிழமை பாட்டியைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். அதனால் படுக்கையோ பெட்டியோ எதைச் செய்தாலும், கூண்டைப்போல அரைமணி நேரத்தில் கழற்றி இறக்கக் கூடியதாக இருக்கட்டும். பாடியில் ஒரு துளைகூடப் புதிதாகப் போட வேண்டாம். ஜெர்மனியின் வெஸ்ட்பாலியா கம்பெனி 1951இல் ஃபோக்ஸ்வாகன் வேனுக்குச் செய்து கொடுத்த முதல் முகாம் பெட்டியும் இதே ரகம்தான். விடுமுறைக்கு உள்ளே வைத்து, வேலை நாளில் வெளியே எடுத்துவிடலாம்.

துளை போடாதே என்பதற்கு வசதி மட்டும் காரணமில்லை, சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் பதிவான விவரங்களோடு ஒத்துப்போகாத அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். இருக்கையைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கட்டில் வெல்டு செய்தால் ஆர்.சி.யில் உள்ள இருக்கைக் கணக்கே தப்பிப்போகும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பிடிப்பதும் அதைத்தான். இருக்கையை மடக்கிவிட்டு, மேலே கழற்றி மாட்டும் மேடை ஒன்றை வைப்பது சாமான் ஏற்றுவதுபோலத்தான். கூரையை உயர்த்துவது, நிரந்தரமாகச் சமையலறை அமைப்பது என்று ஆசை பெருகினால், கையை வைக்கும் முன் காஞ்சிபுரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இனி அளவு. தச்சரிடம் போவதற்கு முன் நீங்களே எடுக்க வேண்டிய முதல் அளவு வண்டியுடையது அல்ல, உங்களுடையது. சுவரில் முதுகு ஒட்ட, காலை நீட்டித் தரையில் உட்காருங்கள். தரையிலிருந்து உச்சந்தலை வரை எத்தனை இஞ்ச்? பெரும்பாலானவர்களுக்கு 32 முதல் 36 வரை வரும். மேடைமேல் நிமிர்ந்து உட்கார முடியாத வண்டியில் ஒரு ராத்திரி ஓட்டலாம்; மழை பிடித்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உள்ளே அடைந்து கிடக்க நேர்ந்தால் கழுத்து போய்விடும். அடுத்து, வண்டித் தரையிலிருந்து உள்கூரை வரை அளந்துகொள்ளுங்கள். உதாரணத்துக்கு அது 49 இஞ்ச் என்று வைப்போம். உட்கார 34, மெத்தைக்கு 2, பலகைக்கு அரை. மீதி 12.5 இஞ்ச். மேடைக்குக் கீழே சாமான் வைக்க இருக்கிற உயரம் அவ்வளவுதான். நடு இருக்கையை மடக்கினால் அது எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதையும் பாருங்கள். மேடை அதற்குக் கீழே போக முடியாது. சில வண்டிகளில் இந்த ஒரு அளவே மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்துவிடும்.

நீளத்துக்கு உங்கள் உயரத்தோடு 3 இஞ்ச் சேர்த்துக்கொள்ளுங்கள். முன் இருக்கையை எவ்வளவு முன்னால் தள்ளலாமோ அவ்வளவு தள்ளியபின், பின்கதவை மூடிவைத்து அளக்க வேண்டும். கதவைத் திறந்துவைத்து அளந்துவிட்டு, பிறகு பலகையை அறுத்தவர்கள் உண்டு. நானும் அந்தக் கூட்டம்தான்.

இப்போது பெட்டி. ஆளுக்கு ஆள் டிராயர் கேட்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். டிராயருக்குச் சேனல் வேண்டும், பூட்டு வேண்டும், சுற்றிலும் சட்டம் வேண்டும். எடை ஏறுகிறது, மண் ரோட்டுத் தூசு சேனலில் புகுந்து பத்தே நாளில் சிக்குகிறது, மேட்டில் ஏறும்போது பூட்டு விட்டால் மொத்தமும் பின்கதவில் வந்து இடிக்கிறது. என் ஓட்டு தக்காளி கிரேட்டுக்கு. கோயம்பேட்டுக்குத் தக்காளி போய்வரும் அதே பிளாஸ்டிக் கிரேட். ஏறக்குறைய 21 இஞ்ச் நீளம், 14 இஞ்ச் அகலம், 11 முதல் 12 இஞ்ச் உயரம் இருக்கும். ஒவ்வொரு கம்பெனிக்கும் கொஞ்சம் மாறும் என்பதால், முதலில் கிரேட்டை வாங்கிவிட்டு அதற்கு ஏற்ப மேடையைச் செய்யுங்கள். 12.5 இஞ்ச் இடைவெளியில் கச்சிதமாக உள்ளே போகும். காற்றோட்டம் இருப்பதால் ஈரத்துணி நாறாது. முகாம் போட்ட இடத்தில் கவிழ்த்துப்போட்டால் முக்காலி. வீடு திரும்பியதும் கத்திரிக்காய் பறிக்கப் போய்விடும். மூன்றை அடுத்தடுத்து வைத்தால் 42 இஞ்ச். அகலத்தில் மூன்று போகாத வண்டியில் இரண்டைப் போட்டு, மீதிச் சந்தில் ஜாக்கியையும் டூல்ஸையும் சாக்கில் சுற்றிச் செருகலாம். சமையல், துணி, தண்ணீர் மூன்றையும் ஒரே கிரேட்டில் கலக்காதீர்கள். ராத்திரி டார்ச்சுக்காக எல்லாவற்றையும் வெளியே இழுத்துப்போட வேண்டியிருக்கும்.

மேடைக்கு என்ன மரம்? கட்டில் செய்து பழகிய கை உடனே 18 மி.மீ. பிளைவுட்டைத் தேடும். 8க்கு 4 அடி ஷீட் 18 மி.மீ.யில் ஒன்று 32 முதல் 35 கிலோ. இரண்டு ஷீட் போட்டால், கூடவே ஒரு ஆளை நிரந்தரமாக ஏற்றிக்கொண்டு திரிகிற கணக்கு. 12 மி.மீ. ஷீட்டோ 22 கிலோ சொச்சம். அது வளையாமல் இருக்க, 15 இஞ்சுக்கு ஒரு தாங்கல் கீழே இருந்தால் போதும். வெல்டிங் பட்டறையில் 1 இஞ்ச் சதுர இரும்புக் குழாயில் இரண்டு ஸ்டாண்டு சொல்லுங்கள். ஒன்று பின்பக்கச் சாமான் பகுதிக்கு, இன்னொன்று கால் குட்டையாக, மடக்கிய இருக்கைக்கு மேலே நிற்பதற்கு. 1.6 மி.மீ. கனமுள்ள குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய 1.2 கிலோ, 10 மீட்டர் பிடித்தாலும் 12 கிலோதான். பலகையை மூன்று துண்டாக அறுத்துக்கொள்ளுங்கள். முன் துண்டைக் கீல் போட்டு நடுத் துண்டோடு சேர்த்தால், பிள்ளைகள் உட்கார்ந்து வரும்போது பின்னால் மடித்துப் போட்டு இருக்கையை நிமிர்த்திவிடலாம். நடுத் துண்டுக்குத் தனியாகக் கால் வைத்துக்கொண்டால், வெளியே சமைக்கும்போது மேஜையாகும்.

மழை நீரும் வியர்வையும் படும் பலகை என்பதால் பி.டபிள்யூ.பி. தரம் வாங்குங்கள். ஷீட்டின் மேல் ஐ.எஸ். 710 என்று அச்சிட்டிருக்கும். அறுத்த விளிம்புகளுக்கு இரண்டு கை வார்னிஷ் அடியுங்கள். பிளைவுட்டுக்குள் தண்ணீர் இறங்குவது அங்கேதான். மரத் திருகை மட்டும் நம்ப வேண்டாம். வீட்டு அலமாரி அசையாது, வண்டி நாள் முழுக்கக் குலுங்கும். பலகையில் இறுக்கிய திருகு ஆயிரம் கிலோமீட்டரில் கையோடு வந்துவிடும். போல்ட்டு, வாஷர், நைலான் வளையம் வைத்த லாக் நட்டு. கழற்ற வேண்டிய இடத்தில் மட்டும், கையால் திருகும் விங் நட்டு. பலகையும் இரும்பும் உரசும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினால் கிரீச் சத்தம் வராது.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது கட்டிப்போடுவதில்தான். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகிற வண்டி மோதி நின்றால், கட்டாத சாமான் அதே வேகத்தில் முன்னால் பறக்கும். அந்த வேகம், ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக்கு மேலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும் வேகம். 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று மூன்றாம் மாடியிலிருந்து உங்கள் பின்மண்டையில் விழுவதாக நினைத்துப் பாருங்கள். அதனால் மேடையையும் கேனையும் லாரிக்காரர்கள் பயன்படுத்தும் ராட்செட் பெல்ட்டால் கட்டுங்கள். வண்டியோடு வந்த சாமான் கொக்கிகள், இருக்கைச் சட்டத்தின் கால்கள் இவற்றில் மாட்டினால் போதும், துளை தேவையில்லை. கனமானது தரையோடு, முன் இருக்கையை ஒட்டி இருக்க வேண்டும். ஆள் உட்கார்ந்து வரும்போது இருக்கை முதுகின் உயரத்துக்கு மேல் எதுவும் அடுக்கக் கூடாது. கூரைமேல் பாய், தார்ப்பாய் மாதிரி எடையில்லாதது மட்டும். மேலே கனம் ஏறிய உயரமான வண்டி, வளைவில் உங்கள் பேச்சைக் கேட்காது.

படுக்கை என்றதும் ஃபோம் மெத்தை. பலகைமேல் நேராகப் போட்ட ஃபோமின் அடிப்பக்கம் விடியும்போது ஈரமாக இருக்கும். மூச்சுக்காற்றும் வியர்வையும் குளிர்ந்து அங்கே தங்குகின்றன. நாலு நாளில் பூஞ்சை. பலகையில் 6 இஞ்சுக்கு ஒன்றாக 1 இஞ்ச் துளை போட்டு, அதன்மேல் கோரைப்பாய் விரித்து, மெல்லிய மெத்தையைப் போட்டால் காற்று புகும். கோடையில் மெத்தையை விட்டுவிட்டுப் பாயும் ஜமக்காளமும் போதும். ஜன்னல்களை இரண்டு பக்கமும் நாலு விரல் இறக்கிவைத்து, கொசுவலைத் துணியின் ஓரத்தில் சின்னக் காந்தங்களைத் தைத்து, கதவுச் சட்டத்தில் வெளியிலிருந்து ஒட்டிவிடுங்கள். ஏரிக்கரையில் நிறுத்துகிற எண்ணம் இருந்தால், இந்த வலையை முதலில் தைத்துவிட்டு மற்றதை யோசிக்கலாம்.

மின்விசிறிக்கும் விளக்குக்கும் வண்டி பேட்டரியிலிருந்து வயர் இழுக்கத் தேவையே இல்லை. 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்கில் ஏறக்குறைய 74 வாட்-அவர் மின்சாரம் இருக்கிறது. இழப்பு போக, 4 வாட் யு.எஸ்.பி. ஃபேன் ஒரு ராத்திரியைத் தாராளமாகத் தாண்டும். அதற்கு மேல் வேண்டும் என்பவர்கள் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போய், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைக்கச் சொல்லுங்கள்.

ஏ.சி. வேண்டும் என்று இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவது மட்டும் கூடவே கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவன் ஒன்றில் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு, வண்டித் தளத்தின் துளை வழியாக உள்ளே ஏறியிருந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் விழித்துக்கொள்ள வழியே கிடையாது. அடுப்பும் அப்படித்தான், உள்ளே வேண்டாம். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், அனுமதியின்றிக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போய்விடாமல் மேடைக்குக் கீழே, கிரேட்டுகளுக்கு இடையே போய்த் தேங்கும். வெளியே, நடுப்பலகை மேஜைமேல் சமைத்துவிட்டு, அடுப்பு ஆறியபின் ஏற்றுங்கள்.

முதல் ராத்திரியை வீட்டு வாசலிலேயே கழித்துப் பாருங்கள். எது குத்துகிறது, கால் எங்கே இடிக்கிறது, செல்போனை எங்கே வைப்பது என்பதெல்லாம் விடிவதற்குள் தெரிந்துவிடும். இரண்டாவதாக வேடந்தாங்கல், மார்கழியில் பறவைகள் நிறைந்திருக்கும், ஏதாவது மறந்திருந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போகலாம். ராத்திரி எங்கே நிறுத்தினாலும் வண்டி முகம் ரோட்டைப் பார்த்து இருக்கட்டும், சாவி கைக்கெட்டுகிற ஒரே இடத்தில் இருக்கட்டும். பெட்ரோல் பங்க்கில் கேட்டுக்கொண்டு நிறுத்துவது, தெரியாத தோப்பைவிட நல்லது.

திரும்பி வந்ததும் பலகைகளை மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்க்காதீர்கள், கரையான் ஏறிவிடும். நாலு செங்கல் வைத்து அதன்மேல் படுக்கைவாட்டில் அடுக்குங்கள். ஒவ்வொரு துண்டின் அடியிலும் 1, 2, 3 என்று பெயிண்டில் எழுதி, எந்தப் பக்கம் முன்னால் என்று ஓர் அம்புக்குறியும் போட்டுவையுங்கள். விங் நட்டுகளைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடி, அந்தப் பாட்டிலையும் பலகைகளோடு சேர்த்தே வைத்துவிடுங்கள்.