மணிச்சத்தைக் கரைக்கும் பாக்டீரியா: மண்ணிலிருந்து பிரிப்பது எப்படி?

காசு கொடுத்துப் போடும் டி.ஏ.பி.யின் மணிச்சத்தில் பெரும்பகுதி, சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் கால்சியத்தோடு சேர்ந்து கரையாமல் முடங்கிவிடுகிறது. அதைக் கரைத்துக் கொடுக்கும் பாஸ்போபாக்டீரியா அதே வயலில், வேரை ஒட்டியே வாழ்கிறது.

வேர்மண் 10 கிராமை 90 மில்லி கிருமிநீக்கிய நீரில் கலக்கி, பத்துப் பத்து மடங்காக நீர்த்து, டிரைகால்சியம் பாஸ்பேட் கலந்த, பால்போல் வெளுத்த பிக்கோவ்ஸ்கயா ஊடகத்தில் பரப்புகிறார்கள். சில நாளில் எந்தப் புள்ளியைச் சுற்றி வெண்மை கரைந்து தெளிந்த வளையம் விழுகிறதோ, அதுதான் ஆள்! அது சுரக்கும் கரிம அமிலம் செய்யும் வேலை இது. ஆனால், வளையம் மட்டும் போதாது; சில பூஞ்சைகளும் வளையம் போடும். கிராம் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்து, தொட்டிச்செடியில் சோதித்த பிறகே உயிர் உரத்துக்குத் தேறும்.

இதற்கு மண் எடுப்பவர்கள், வழக்கமான மண் பரிசோதனைக்குப்போல உலர்த்தக் கூடாது. செடியை வேரோடு தோண்டி, ஒட்டிய மண் உதிராமல், ஈரம் காயாமல், வெயில் படாமல் உடனே கொண்டுபோக வேண்டும்.