புதுசா வந்த பாம்புக்குட்டி ஏன் சாப்பிட மாட்டேங்குது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கி, திருத்தப்பட்டுள்ளது.)

இந்த வாரக் கேள்வி ஆலங்காயத்துல இருந்து வந்திருக்கு. ஜவ்வாது மலை அடிவாரம், காவலூர் தொலைநோக்கி மையத்துக்குப் போற வழியில இருக்கிற ஊர். கேள்வி இதுதான்: "பால் பைத்தான் குட்டி வாங்கி 12 நாள் ஆச்சு. இதுவரைக்கும் எதுவுமே சாப்பிடல. வாயைத் திறந்து ஊட்டலாமா?"

பதில்: வேண்டாம். 12 நாள் பட்டினி ஒரு பால் பைத்தானுக்குப் பெரிய விஷயமே இல்ல. ஆனா ஏன் சாப்பிடலன்னு புரிஞ்சுக்கிறது ரொம்ப முக்கியம். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வியை நாம கேட்டே ஆகணும்.

இந்தப் பாம்பு எங்கிருந்து வந்தது?

பால் பைத்தானோட சொந்த ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. நம்ம ஊருக்கு அது ரெண்டு வழியில வருது: இங்கேயே முட்டை பொரிச்சு வளர்த்தது ஒண்ணு, பெட்டியில கடத்தி வந்தது இன்னொண்ணு. 2023 ஏப்ரல்ல கோலாலம்பூர்ல இருந்து சென்னைக்கு வந்த ஒரு பயணியோட பெட்டியில 22 பாம்புகள் பிடிபட்டன. அதே வருஷம் ஜூலையில திருச்சி விமான நிலையத்துல 47 மலைப்பாம்புக் குட்டிகள். இதெல்லாம் மாட்டினது மட்டும்தான்.

அப்படிப் பெட்டியில மணிக்கணக்கா அடைஞ்சு கிடந்து, தண்ணி இல்லாம வந்த குட்டி சாப்பிடாதது ஆச்சரியமே இல்ல. அதனால வாங்குறதுக்கு முன்னாடியே மூணு கேள்வி கேளுங்க. எத்தனை தடவை சாப்பிட்டிருக்கு? என்ன சாப்பிட்டுச்சு? பேப்பர் இருக்கா?

பேப்பர்னு சொல்றது சும்மா இல்ல. பால் பைத்தான் சைட்டிஸ் ஒப்பந்தத்தோட இரண்டாம் பட்டியல்ல இருக்கு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல 2022-ல வந்த திருத்தம், அதுக்கப்புறம் 2024-ல வந்த விதிகள்படி, இப்படிப்பட்ட உயிரினம் வச்சிருக்கிறவங்க பரிவேஷ் இணையதளத்துல பதிவு பண்ணணும். பேப்பர் தராம "அதெல்லாம் தேவையில்ல ப்ரோ"ன்னு ஒருத்தர் சொன்னா, அங்கேயே நிறுத்திடுங்க. ஏற்கெனவே பேப்பர் இல்லாம கையில இருந்தா, மாவட்ட வன அலுவலகத்துல பேசுங்க.

நம்ம ஊர்ப் பாம்பு எதையும் வீட்டுல வளர்க்கக் கூடாது. சாரை, தண்ணிப்பாம்பு, மண்ணுளி, மலைப்பாம்பு எல்லாமே சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. கொல்லையில கிடந்த குட்டியை "மலைப்பாம்பு மாதிரி இருக்கே"ன்னு கையில எடுக்கிறது உயிருக்கே ஆபத்து. கண்ணாடி விரியன் குட்டியும் பார்க்க கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். குட்டியா இருந்தாலும் அதுக்கு விஷம் உண்டு.

முதல் வாரம்: ஒண்ணுமே பண்ணாதீங்க

புது இடத்துக்கு வந்த பாம்புக்கு, உங்க கை, செல்போன் ஃப்ளாஷ், பார்க்க வந்த நண்பர்கள் எல்லாமே எதிரி. காட்டுல ஒரு பாம்புக்குட்டியைத் தின்ன வராத பிராணியே கிடையாது. அதனால அதுக்கு முதல்ல வேண்டியது ஒளிஞ்சுக்க ஒரு இடம். உடம்பு சுவத்துல உரசுற அளவுக்கு நெருக்கமா இருக்கணும்.

இதை நம்ம ஊர்ல ரொம்ப நல்லா புரிஞ்சவங்க இருளர் மக்கள். ஒரு காலத்துல இவங்க பிடிச்ச பாம்போட தோல் ஏற்றுமதிக்குப் போச்சு. 1976-ல பாம்புத் தோல் ஏற்றுமதி தடை ஆனதும் பிழைப்பு போச்சு. அப்புறம் 1978-ல இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாச்சு. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில நாகம், விரியன்களைக் கொஞ்ச நாள் வச்சிருந்து, விஷம் எடுத்துட்டு, திரும்பக் காட்டுல விட்டுடுவாங்க. அந்த நாட்கள்ல பாம்பு இருக்கிறது எங்க தெரியுமா? வாயைத் துணியால கட்டின மண்பானைக்குள்ள. இருட்டு, குளிர்ச்சி, நெருக்கம். ஒரு பாம்பு அமைதியா இருக்க வேண்டிய மூணும் அந்தப் பானையில இருக்கு.

உங்க குட்டிக்கும் அதே கணக்குதான். பெரிய கண்ணாடித் தொட்டி வேண்டாம். காத்து ஓட்டை போட்ட, மூடி இறுக்கமா பூட்டுற பிளாஸ்டிக் டப்பா போதும். உள்ள ரெண்டு ஒளியிடம்: சூடான பக்கம் ஒண்ணு, குளிர்ந்த பக்கம் ஒண்ணு. வாசல் வெட்டின கொட்டாங்கச்சியே போதும், ஓரம் கூரா இல்லாம தேய்ச்சுடுங்க. தரையில முதல் சில வாரம் நியூஸ்பேப்பர் போடுங்க. கழிவும் உண்ணியும் உடனே கண்ணுல படும். கவிழாத கிண்ணத்துல தினமும் புதுத் தண்ணி. அஞ்சு முதல் ஏழு நாள் வரைக்கும் தண்ணி மாத்துறதைத் தவிர வேற எதுக்கும் டப்பாவைத் திறக்காதீங்க.

இணையத்துல சொல்றது சூடேத்த. நமக்குத் தேவை குளிர வைக்க

பாம்புக்கு உடம்புச் சூடு வெளியில இருந்துதான் வரணும். பால் பைத்தானுக்கு டப்பாவோட ஒரு பக்கம் 31, 32 டிகிரி செல்சியஸ், இன்னொரு பக்கம் 25, 26 இருந்தா நல்லது. சூடு பத்தலேன்னா செரிக்காது, சாப்பிட்டதைக் கக்கிடும். சூடு மிஞ்சினா பசி போயிடும். 35-ஐத் தாண்டி நீடிச்சா உயிருக்கே ஆபத்து.

நெட்ல இருக்கிற குறிப்பு எல்லாம் குளிர் நாட்டுக்காரங்க எழுதினது. அவங்க கவலை எப்படிச் சூடேத்துறதுன்னுதான். வேலூர், வாணியம்பாடி, ஆலங்காயம் பக்கம் ஏப்ரல், மே மாசத்துல ஹீட் பேடே தேவைப்படாது. தெர்மோஸ்டாட் ஹீட்டரை நிறுத்துமே தவிர அறையைக் குளிர வைக்காது. அதனால டப்பாவை மாடி அறையில இருந்து எடுத்து, கீழ்த்தளத்துல வெயில் படாத மூலையில, தரையிலேயே வைங்க. ஒரு பக்கம் மேல ஈரத்துணி போடலாம், காத்து ஓட்டையை அடைக்காம. ரொம்பச் சூடான மதியத்துல ஐஸ் பாட்டிலைத் துண்டுல சுத்தி டப்பாவுக்கு வெளியே, ஒரே பக்கத்துல ஒட்டி வைங்க. கரன்ட் போனாலும் இது வேலை செய்யும். குளிர்காலத்துல ஹீட் பேட் போட்டா தெர்மோஸ்டாட் கட்டாயம். ரெண்டு பக்கமும் தெர்மாமீட்டர் வைங்க. கையால தொட்டுப் பார்த்துச் சொல்றது கணக்குல வராது.

இப்போ சாப்பாடு

பாலா? புத்துக்குப் பால் ஊத்துறது நம்பிக்கை. பாம்போட வயித்துக்குப் பால் செரிக்காது. கோழித் துண்டா? ஆம்பூர் பிரியாணி மிச்சம் உங்களுக்குத்தான். பாம்புக்கு எலும்பு, குடல், தோலோட முழு இரை வேணும்.

வீட்டுல பிடிச்ச எலி வேண்டவே வேண்டாம். அது எலி மருந்து தின்னிருக்கலாம், ஒட்டுண்ணி இருக்கலாம். வளர்ப்பு எலியை உறைய வச்சு விக்கிறதை வாங்குங்க. உயிரோட போட்டா பாம்பை எலி கடிச்சுக் காயப்படுத்திடும்.

அளவு: பாம்போட எடையில 10 முதல் 15 சதவீதம். 70 கிராம் குட்டின்னா 7 முதல் 10 கிராம் எலிக்குஞ்சு. சமையலறைத் தராசு ஒண்ணு தனியா வச்சுக்கோங்க.

முறை: முந்தின ராத்திரி ஃப்ரீசர்ல இருந்து ஃப்ரிட்ஜுக்கு மாத்துங்க, மூடி போட்ட தனி டப்பாவுல. (அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க!) மறுநாள் ஜிப் கவர்ல போட்டு வெந்நீர்ல வச்சு, உள்ள வரைக்கும் உறைவு போகணும். மைக்ரோவேவ் கூடாது, வெந்து வெடிச்சிடும். கடைசியில மேல் தோல் 38 டிகிரி கிட்ட இருக்கணும். பால் பைத்தானோட உதட்டோரத்துல வெப்பத்தை உணர்ற குழிகள் இருக்கு. வெதுவெதுப்பா இருந்தாத்தான் அதுக்கு இது இரைன்னு தெரியும்.

இருட்டினதுக்கு அப்புறம், நீள இடுக்கியால பிடிச்சு, ஒளியிடத்தோட வாசல்ல மெல்ல அசைங்க. முகத்துல இடிக்காதீங்க. பத்து நிமிஷத்துல எடுக்கலேன்னா வாசல்லயே வச்சுட்டு, லைட்டை அணைச்சுட்டுப் போயிடுங்க. காலையில அப்படியே இருந்தா தூக்கிப் போடுங்க. மறுநாளே திரும்ப முயற்சி பண்ணக் கூடாது. அஞ்சு, ஏழு நாள் கழிச்சுத்தான். நிறையப் பேர் தோக்குறது இங்கதான். பயத்துல தினமும் நீட்டுவாங்க, பாம்பு இன்னும் மிரளும்.

சாப்பிட்டா 48 மணி நேரம் தொடாதீங்க. தொடர்ந்து மூணு தடவை சாப்பிட்ட பிறகுதான் கையில எடுக்கிறதைப் பத்தி யோசிக்கணும். கக்கிட்டா குறைஞ்சது 10 நாள் இடைவெளி விட்டு, அடுத்து சின்ன இரையா கொடுங்க.

எப்போ பயப்படணும்?

நாட்களை எண்ணாதீங்க, எடையைப் பாருங்க. வாரம் ஒரு தடவை எடை குறிங்க. வந்தப்போ இருந்த எடையில 10 சதவீதம் குறைஞ்சா டாக்டர்கிட்ட போகணும். வாயைத் திறந்து மூச்சு விடுறது, மூக்குல நுரை, தோல் சுருங்கி மடியுறது, தண்ணிக் கிண்ணத்துல மிளகுத்தூள் மாதிரி கறுப்புப் புள்ளி (அது உண்ணி), இதுல ஒண்ணு இருந்தாலும் காத்திருக்காதீங்க. ஊர்வன பார்க்கிற மருத்துவர் பக்கத்துல கிடைக்கிறது கஷ்டம்; சென்னையோ பெங்களூரோ போக வேண்டி வரும். நம்பரை இப்பவே வாங்கி வைங்க. வாயைத் திறந்து ஊட்டுறது அந்த மருத்துவர் முன்னாடி எடுக்க வேண்டிய கடைசி முடிவு. பழகாத கை பல்லையும் உணவுக்குழாயையும் கிழிச்சிடும்.

கடைசியா ஒண்ணு. வளர்க்க முடியலேன்னா மலையில கொண்டுபோய் விட்டுடாதீங்க. செத்துப் போகும், பிழைச்சா இன்னும் மோசம். அமெரிக்காவோட ஃபுளோரிடாவுல அப்படி வெளியே போன பர்மா மலைப்பாம்புகள் அங்க இருந்த சின்ன விலங்குகளையே காலி பண்ணிட்டு இருக்கு. நல்லா வாழ்ற பால் பைத்தான் 20, 30 வருஷம் இருக்கும். வாங்குறதுக்கு முன்னாடி அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க. போட்டுப் பார்த்துட்டு "வேணாம்"னு முடிவு எடுத்தா, அதுவும் பாம்பு மேல காட்டுற அன்புதான்.

அடுத்த வாரம் வேற ஒரு கேள்வியோட பார்ப்போம்.