கையெழுத்துப் போடும் முன்

2018 ஜூனில் 'காலா' வெளியானபோது தாராவிக்காரர்களான எங்களுக்கு ரஜினியைத் தாண்டியும் ஒரு பெருமை இருந்தது. 'செம்ம வெயிட்டு' பாட்டில் ராப் பாடிய டோப்படெலிக்ஸ் குழு எங்கள் பேட்டைப் பையன்கள். அடுத்த பிப்ரவரியில் தாராவி ராப் பாடகனின் கதையான 'கல்லி பாய்' இந்திப் படம் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் சந்துகளில் பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கங்கள் ராப் வரிகளால் நிரம்பத் தொடங்கின.

கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள். 2015-இல் தொடங்கிய 'தாராவி டிரீம் புராஜெக்ட்' ராப், பீட்பாக்ஸ், பிரேக் டான்ஸ் எல்லாவற்றையும் காசு வாங்காமல் சொல்லித் தருகிறது. தன் தெருவில் வளர்ந்த அண்ணனே முன்னால் நின்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்குக் கூச்சம் விட்டுப்போகும். அந்த நல்ல வேலையை மனதாரப் பாராட்டுகிறேன்.

நான் கலைஞர் இல்லை. திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த தாத்தாவின் பேத்தி. பிறந்தது தாராவி, குடியிருப்பது செம்பூர், கணக்கெழுதும் ஆபீஸ் மாட்டுங்காவில். பையன்கள் என்னிடம் வருவது பாட்டெல்லாம் முடிந்த பிறகு, போனில் ஓர் ஒப்பந்தத்தோடு.

"அக்கா, நாளைக்குள்ள சைன் பண்ணணுமாம்."

"படிச்சியால?"

"இங்கிலீஷ்ல இருக்குக்கா. கடைசிப் பக்கம் மட்டும் போதும்னாங்க."

அப்படி வந்த அந்தப் பையனுக்கு வயது 17. பதினெட்டு நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது என்பதைக்கூட அவனிடம் யாரும் சொல்லவில்லை. பாட்டின் எல்லா உரிமையையும் உலகம் முழுதுக்கும், எல்லாக் காலத்துக்கும் எழுதிக் கேட்டிருந்தார்கள். பதிலுக்கு ஒரே ஒரு தடவை, ஒரு சின்னத் தொகை.

ஒரு பாட்டுக்குள் பல சொத்துகள் இருக்கின்றன. வரிகள் எழுதியவருடையவை, மெட்டு போட்டவருடையது. பதிவு செய்த ஒலிக்குத் தனி உரிமை உண்டு. 2012-இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம் பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பெரிய அரண். உரிமையையே விற்றுவிட்டாலும், தியேட்டரில் படம் ஓடுவது தவிர மற்ற பயன்பாடுகளில் வரும் ராயல்டியில் வாங்கியவரோடு சம பங்கு அவர்களுக்கு உண்டு. அதை எழுதிக் கொடுத்துவிட முடியாது, எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் போராடி வாங்கிக் கொடுத்த திருத்தம் இது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. எழுதியவர்களுக்கும் இசையமைத்தவர்களுக்கும் ராயல்டியை வசூலித்துத் தருகிற ஐ.பி.ஆர்.எஸ். சங்கம் இதே மும்பையில்தான் இருக்கிறது. ஆனால் உறுப்பினராகப் பதிந்துகொள்ளாத பையனுக்கு அந்தப் பணம் எப்படி வரும்?

பெரியவர்களுக்கே இதில் அடி விழுகிறது. 2021-இல் உலகமே ஆடிய 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டிலிருந்து தனக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று 2024 மார்ச்சில் அதற்கு இசையமைத்த சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். பாட்டை எழுதிப் பாடிய அறிவு அரக்கோணத்துக்காரர். அந்த மாதிரி ஊர்களிலிருந்து கிளம்பி வருகிற, பின்னால் நிற்க ஆளில்லாத பிள்ளைகளை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

பையன்கள் வருமான வரியிலும் நஷ்டப்படுகிறார்கள். தொகை வரம்பைத் தாண்டினால் கம்பெனி 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தரும். பான் எண் கொடுக்காவிட்டால் 20. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர் ரிட்டர்ன் போட்டால் அந்தப் பணம் திரும்பி வந்துவிடும். போடுவதே இல்லை, 'அரசாங்கம் எடுத்துக்கொண்டது' என்று விட்டுவிடுகிறார்கள். மேடையேறிச் சம்பாதித்த பணம், அப்படியே போகிறது.

குரு என்பவர் தாளத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பது என் கட்சி. மேடை வரை கூட்டிப்போகிறவர், மேடைக்குப் பின்னால் காகிதம் நீட்டப்படும் இடத்திலும் பக்கத்தில் நிற்க வேண்டும். அவருக்கே தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும். இலவசமாக நடனம் சொல்லித்தர ஆள் கிடைக்கிற ஊரில், மாதத்துக்கு ஒரு மணி நேரம் ஒப்பந்தம் படித்துக் காட்ட ஒரு வக்கீலோ கணக்காளரோ கிடைக்காமலா போவார்?

அந்தப் பையன் கையெழுத்துப் போடவில்லை. அம்மாவோடு போய்ப் பேசினான். காலத்தை மூன்று ஆண்டாகக் குறைத்தார்கள், தொகையைக் கூட்ட மாட்டோம் என்றார்கள். அம்மா யோசித்துக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் என் ஆபீஸ் திறந்திருக்கும். ஆதார், பாஸ்புக், வரிகள் எழுதிய நோட்டு, மூன்றையும் எடுத்துக்கொண்டு பிள்ளைகள் வரட்டும். நோட்டில் தேதி போட்டிருந்தால் இன்னும் நல்லது.