சால்ஸ்பரி மேப்பைக் கொஞ்சம் ஜூம் பண்ணுங்க!

கூகுள் மேப்பில் இங்கிலாந்தின் சால்ஸ்பரியைத் தேடிப் பிடியுங்கள். ஏவன், நாடர், வைலி, எபிள், போர்ன் என்று ஐந்து ஆறுகள் அந்த ஊர்ப்பக்கம் வந்து கூடுகின்றன. சரி, இப்படிப்பட்ட ஈரமான இடத்தில் 123 மீட்டர் கோபுரத்தை யாராவது கட்டுவாங்களா? கட்டியிருக்கிறார்கள். பிரிட்டனின் மிக உயரமான கதீட்ரல் கோபுரமே அதுதான்.

மேப்பை வடக்கே 3 கி.மீ. நகர்த்துங்கள். வட்டமாக ஒரு மண்மேடு தெரியும். பெயர் ஓல்டு சாரம். பழைய ஊரும் கதீட்ரலும் அங்கேதான் இருந்தன. ஓயாத காற்று, தண்ணீர்ப் பஞ்சம், போதாததற்குக் கோட்டை வீரர்களோடு பாதிரியார்களுக்குத் தகராறு. 1220-ல் கீழே ஆற்றோரம் புது கதீட்ரலுக்கு அடிக்கல் போட்டார்கள். ஊரும் இறங்கி வந்துவிட்டது. கதீட்ரலுக்கு வடக்கே தெருக்கள் கட்டம் கட்டமாக இருக்கே, கவனிச்சீங்களா? அதெல்லாம் 13-ஆம் நூற்றாண்டு டவுன் பிளானிங். மேட்டில் ஆளே இல்லாமல் போன பிறகும் ஓல்டு சாரத்துக்கு 1832 வரை 2 எம்.பி.க்கள் இருந்தது தனிக் கூத்து.

சிவில் மக்களே, இனிமேல்தான் நம்ம ஏரியா. முதலில் கட்டியபோது இவ்வளவு பெரிய கோபுரம் கணக்கிலேயே இல்லை. 14-ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 6,500 டன் எடையை மேலே ஏற்றினார்கள். அஸ்திவார ஆழம்? சுமார் 1.2 மீட்டர்தான்! அடியில் இருக்கும் கெட்டியான சரளைப் படுகைதான் தாங்குகிறது. ஆனால் சும்மா தாங்கவில்லை. நடுத் தூண்கள் வளைந்திருப்பது கண்ணுக்கே தெரியும். 1668-ல் கிறிஸ்டோபர் ரென் அளந்தபோது கோபுரம் சுமார் 75 செ.மீ. சாய்ந்திருந்தது. நிலத்தடி நீர் அவ்வளவு மேலே இருப்பதால், உள்ளே ஒரு கல்லைத் தூக்கிக் குச்சியை விட்டு மட்டம் பார்க்கிறார்கள். பைக் ஆயில் செக் பண்ற மாதிரியேதான்.

சர்வே படிப்பவர்களுக்கும் ஒன்று இருக்கிறது. 1794-ல் ஆர்ட்னன்ஸ் சர்வே குழு ஓல்டு சாரத்திலிருந்து பீக்கன் ஹில் வரை சுமார் 11 கி.மீ. நீள பேஸ்லைனைத் தரையில் அளந்தது. முக்கோணக் கணக்கில் வந்த நீளம் சரிதானா என்று நேரடியாக ஒத்துப் பார்க்கத்தான் இந்தப் பாடு. முனையைக் குறிக்க ஒரு பீரங்கிக் குழலையே செங்குத்தாகப் புதைத்தார்கள். அது இன்னும் அங்கே இருக்கிறது.