குலுக்கையும் சைலோவும்

கரிசல் கிராமங்களில் பழைய வீடுகளில் குலுக்கையைப் பார்த்திருக்கிறீர்களா? மண்ணும் வைக்கோலும் பிசைந்து, ஆள் உயரத்துக்குச் செய்த தானியக் கூடு அது. மேல்வாய் வழியாகக் கம்பையோ சோளத்தையோ கொட்டி, மண் பூசி மூடிவிடுவார்கள். வேண்டும்போது அடியிலுள்ள துளை வழியாக எடுத்துக்கொள்வார்கள். நெல் விளையும் ஊர்களில் இதைக் குதிர் என்பார்கள்.

இதையே கான்கிரீட்டாலோ இரும்புத் தகட்டாலோ பல மாடி உயரத்துக்குக் கட்டினால் அதுதான் 'சைலோ'. தானியக் குழியைக் குறிக்கும் 'சிரோஸ்' என்ற கிரேக்கச் சொல்லே ஸ்பானிய மொழி வழியாக இப்படி மாறியது என்று பொதுவாகச் சொல்வார்கள். இன்று அச்சொல்லுக்குப் பல பொருள்கள். விருதுநகரை அடுத்த ஆர். ஆர். நகரில் உள்ளது போன்ற சிமெண்டு ஆலைகளில், அரைத்த சிமெண்டு ஈரம் படாமல் இருக்கும் கோபுரம் சைலோ. பசுந்தீவனத்தை அழுத்தி ஊறுகாய்ப் புல்லாக மாற்றும் குழியும் சைலோ. ஏவுகணையை நிறுத்தி வைக்கும் நிலத்தடிக் கிணறும் சைலோதான்!

தானியத்தை ஏன் இறுக மூடுகிறோம்? தானியம் உயிருள்ள பொருள், அது சுவாசிக்கிறது. அதிலுள்ள வண்டுகளும் சுவாசிக்கின்றன. மூடிய கூட்டுக்குள் பிராணவாயு குறைந்து கரியமிலவாயு பெருகும். வண்டுகள் மடியும், தானியம் பிழைக்கும். ஆனால் மூடியைத் திறந்த உடனே உள்ளே இறங்கும் மனிதனுக்கும் வண்டின் கதிதான். அதனால்தான் நன்றாகக் காற்றோடவிட்டு, காற்றைச் சோதித்த பிறகே இறங்க வேண்டும்.

இன்னோர் ஆபத்து தூசி. விறகுக் கட்டை மெதுவாக எரிகிறது. சீவிய மரத்தூளோ பற்றென்று பிடிக்கிறது. தூளானால் காற்றுப் படும் பரப்பு பெருகிவிடும் அல்லவா? காற்றில் மிதக்கும் தானியத் தூசியில் ஒரு பொறி பட்டால் வெடித்துவிடும். 1977 டிசம்பர் 22 அன்று அமெரிக்காவின் வெஸ்ட்வீகோ என்னும் ஊரில் தானியக் கிடங்கு இப்படித்தான் வெடித்தது. 36 பேர் மாண்டனர்.

அப்படியானால் சிவகாசிப் பட்டாசு மருந்தையும் காற்றுப் புகாத ஒரு பெரிய சைலோவில் போட்டு மூடிவிட்டால் தீப்பிடிக்காதே என்று உங்களுக்குத் தோன்றலாம். அங்கேதான் வேறுபாடு இருக்கிறது. பட்டாசு மருந்தில் கந்தகம், அலுமினியத் தூள் இவற்றுடன் வெடியுப்பும் சேர்கிறது. சூடேறினால் வெடியுப்பு பிராணவாயுவை வெளிவிடும். அதாவது, எரிவதற்கு வேண்டிய 'காற்றை' மருந்து தன்னுள்ளேயே வைத்திருக்கிறது! வெளிக்காற்றை அடைத்து என்ன பயன்? அடைத்து வைத்தால் வேகம்தான் கூடும்.

ஆகவே, தானியத்தை ஒன்றாகச் சேர்த்துக் காக்கிறோம். வெடிமருந்தைப் பிரித்து வைத்துக் காக்கிறோம். பட்டாசு ஆலைகளில் சிறு சிறு அறைகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருப்பதும், ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பதும் இதற்காகவே. ஓர் அறை வெடித்தாலும் அடுத்த அறை தப்ப வேண்டும்.

இடைவெளியின் அருமையை 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி காட்டியது. அங்கே அடுத்தடுத்து வெடித்ததில் ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். சத்தம் கேட்டு உதவிக்கு ஓடியவர்களும் அதில் சேர்த்தி. பட்டாசு ஆலையில் வெடிச்சத்தம் கேட்டால் அதை நோக்கி ஓடாதீர்கள். விலகி நின்று தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். இடைவெளி அறைகளுக்கு மட்டுமல்ல, நமக்கும்தான்.