ஏழு மணிச் சங்கு

கைக்குள் ஒரு கடைத்தெரு – 9

மஞ்சள் வியாபாரம் தெரிந்தவர்களுக்குச் சாங்லியும் தெரிந்திருக்கும். ஈரோட்டு மண்டியில் விலை பேசும்போது, 'சாங்லியில என்ன போகுது?' என்ற கேள்வி எப்படியும் வந்துவிடும். மகாராஷ்டிரத்தில் இருக்கும் அந்தச் சாங்லி மாவட்டத்தில் வட்காவ் என்று ஒரு கிராமம். மக்கள்தொகை சுமார் 3,000. கரும்பு விவசாயிகளும் சர்க்கரை ஆலையில் வேலை பார்ப்பவர்களும்தான் அதிகம். 2022 ஆகஸ்ட் 15 முதல் அங்கே தினமும் மாலை 7 மணிக்குக் கோயிலின் உச்சியிலிருந்து சங்கு ஊத ஆரம்பித்தார்கள். பூஜைச் சங்கு இல்லை; பஞ்சாலை ஊர்களில் ஷிஃப்ட் மாறும்போது அலறுமே, அந்த மாதிரி. அது ஊதியதும் டி.வி.யை அணைக்க வேண்டும், செல்போனைக் கீழே வைக்க வேண்டும். 8.30 மணிக்கு அந்த நேரம் முடியும். அதன் பிறகு அவரவர் இஷ்டம்.

காரணம் நமக்கும் பழக்கமானதுதான். கொரோனா காலத்தில் பள்ளிக்கூடமே போனுக்குள் நடந்தது. பிள்ளை கையில் போனைக் கொடுக்காதே என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த வீடுகள், கடன் வாங்கியாவது ஒரு போனை வாங்கிக் கொடுத்தன. பள்ளி திறந்தது; பாடம் கரும்பலகைக்குத் திரும்பியது; பிள்ளைகள் மட்டும் திரும்பவில்லை. எழுதச் சோம்பல், படிக்கச் சோம்பல், பள்ளிக்குப் போகுமுன் போன், வந்ததும் போன் என்று ஆசிரியர்கள் புலம்பினார்கள். ஊராட்சித் தலைவர் விஜய் மோஹிதே அப்போதுதான் இந்த யோசனையை முன்வைத்தார். அவர் சுட்டிக்காட்டிய விஷயம் ஒன்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது: இந்த ஊர் வீடுகளில் படிப்பதற்கென்று தனி அறை கிடையாது.

நினைத்துப் பாருங்கள். இருப்பது ஒரே கூடம். ஒரு மூலையில் பிள்ளை கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருக்கிறது. எதிர்ச் சுவரில் சீரியல் ஓடுகிறது. திண்ணையில் அப்பா யூடியூப் பார்க்கிறார். (ஹெட்போன் மாட்டிக்கொள்ளும் வழக்கம் அப்பாக்களுக்கு எந்த மாநிலத்திலும் இருப்பதாகத் தெரியவில்லை.) 'போனைப் பார்க்காதே, படி' என்று இந்தக் கூடத்தில் யார் சொன்னால் எடுபடும்?

யோசனையைக் கேட்டதும் ஊர் ஆண்கள் சிரித்தார்கள். ஊராட்சி அடுத்தபடியாகப் பெண்களைக் கூட்டியது. சீரியல் கொஞ்சம் அதிகமாகத்தான் பார்க்கிறோம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். நிறுத்துவதென்றால் ஊர் மொத்தமும் சேர்ந்து நிறுத்தட்டும் என்றார்கள். ஆகஸ்ட் 14 அன்று கூட்டத்தில் முடிவானது. மறுநாளே எல்லாம் ஒழுங்காக நடந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சங்கு ஊதிய பிறகும் டி.வி. சத்தம் கேட்ட வீடுகள் இருந்தன. ஊராட்சி ஊழியர்களும் ஊர்க்காரர்களும் தெருத் தெருவாகப் போய், கதவைத் தட்டி, கெஞ்சிக் கூத்தாடித்தான் அதை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் கெட்டிக்காரத்தனம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், டி.வி.யைச் சேர்த்ததில் என்பேன். பிள்ளைகளின் போனை மட்டும் பிடுங்கியிருந்தால் அது ஒரு வாரம் தாங்கியிருக்காது. பெரியவர்கள் சீரியலை விட்டுக்கொடுத்ததால்தான் பிள்ளைகளும் போனை விட்டுக்கொடுத்தார்கள். நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. 'எப்பப் பாத்தாலும் போனு' என்று பேரனைத் திட்டும் தாத்தாவின் கையில் ஃபார்வர்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

சென்ற வாரம் நேரக் கட்டுப்பாட்டுச் செயலிகளைப் பற்றி எழுதியிருந்தேன். 2018-ல் கூகுள் 'டிஜிட்டல் வெல்பீயிங்'கை அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆப்பிள் 'ஸ்கிரீன் டைம்' கொண்டுவந்தது. இன்ஸ்டாகிராமுக்கு நாளைக்கு அரை மணி நேரம் என்று நாமே வரம்பு வைத்துக்கொள்ளலாம். ஐபோனில் அந்த அரை மணி தீர்ந்ததும் திரை மூடிக்கொள்ளும். அதன் அடியிலேயே ஒரு பொத்தான். தொட்டால் மூன்று சலுகைகள்: இன்னும் ஒரு நிமிடம், 15 நிமிடம் கழித்து ஞாபகப்படுத்து, இன்றைக்கு வரம்பே வேண்டாம். பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியையும் அதிலேயே தொங்கவிடுகிற கதைதான். நம்மை நாமே அதட்டிக்கொள்ளும் இந்த முறையில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

ஏனென்றால் போன் நம் ஒருவருடைய பழக்கம் மட்டுமில்லை. 2014 நவம்பரில் வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்தது நினைவிருக்கும். அதுவரை ஒரு சேதியைப் பார்த்தோமா, பார்க்கவில்லையா என்பது நமக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். நீல டிக் வந்த பிறகு, பார்த்துவிட்டுப் பதில் போடாதவர் மரியாதை தெரியாதவர் ஆகிவிட்டார். பார்க்காமலே இருந்தாலும் தப்பிக்க முடியாது. 'நைட்டு ஒம்பது மணிக்கு ஆன்லைன்ல இருந்தீங்களே, என் மெசேஜைத் தொடவே இல்லையே' என்று சம்பந்தி வீட்டார் கேட்பார்கள். ஒருவர் மட்டும் தனியாகப் போனை மூடி வைத்தால் அவருக்குக் கிடைப்பது நிம்மதியாக இருக்காது; மூன்று தவறிய அழைப்புகளும் 'என்ன கோவமா?' என்ற விசாரணையும்தான். போனை எடுப்பதற்குப் பாதிக் காரணம் ஆசை என்றால், மீதி பயம். பதில் சொல்லாமல் இருந்தால் எதிராளி என்ன நினைப்பாரோ என்ற பயம்.

வட்காவ் சங்கு தீர்த்துவைத்தது இந்தப் பயத்தைத்தான் என்று நினைக்கிறேன். 7 மணியிலிருந்து 8.30 வரை அந்த ஊரில் ஒருவர் போனை எடுக்கவில்லை என்றால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். எல்லோருக்கும் ஒரே சாக்கு கிடைத்துவிட்டது: சங்கு ஊதிவிட்டது. அக்காவும் எடுக்க மாட்டாள், அத்தையும் எடுக்க மாட்டாள் என்று தெரிந்த நேரத்தில் கை தானாகப் போனைத் தேடுவது கொஞ்சம் குறையத்தானே செய்யும்?

முழுக்கக் குறையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க், கணினி முன்னால் வேலை செய்பவர்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருபவர். 2004-ல் ஒருவர் ஒரே திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நிலைத்திருந்தார். அண்மை ஆண்டுகளில் அது 47 விநாடியாகச் சுருங்கிவிட்டது என்கிறார். அவர் கண்ட இன்னொரு விஷயம் நம் பேச்சுக்கு நெருக்கமானது. கவனம் கலைவதில் ஏறக்குறையப் பாதி, வெளியிலிருந்து யாரும் கூப்பிடாமலே நாமாகக் கலைத்துக்கொள்வது. மணி அடிக்காத போனையும் எடுத்துப் பார்க்கிறோம். அந்தப் பாதிக்குச் சங்கு போதாது. போன் கண்ணில் படாமலும் இருக்க வேண்டும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் வார்டும் அவருடைய கூட்டாளிகளும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், சத்தம் நிறுத்தப்பட்ட போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தவர்களைவிட, அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்தவர்கள் தேர்வில் நன்றாகச் செய்தார்கள். பின்னால் இதே மாதிரி சோதித்துப் பார்த்த எல்லோருக்கும் இந்த விடை வரவில்லை. வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். செலவில்லாத யோசனை என்பதால் செய்து பார்க்கலாம்.

'ஊர்க்கட்டுப்பாடு' என்றதும் நம்மில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். நியாயம்தான். பஞ்சாயத்து கூடி அபராதம் போட்டதும், குடும்பங்களை ஊரைவிட்டு ஒதுக்கி வைத்ததும் நாம் அறியாததா? செல்போன் விஷயத்திலும் அது நடந்திருக்கிறது. 2019 ஜூலையில் குஜராத்தின் பனஸ்காந்தா மாவட்டத்தில், 12 கிராமங்களைச் சேர்ந்த தாக்கோர் சமூகத் தலைவர்கள், கல்யாணம் ஆகாத பெண்கள் செல்போன் வைத்துக்கொள்ளக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். பெண்கள் தங்கள் விருப்பப்படி யாரையாவது கட்டிக்கொண்டுவிடக் கூடாதே என்பதுதான் அங்கே கவலை. கவனச் சிதறலைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. வட்காவையும் பனஸ்காந்தாவையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஒரு இடத்தில் மணி பார்த்து எல்லோருக்கும் தடை. இன்னொரு இடத்தில் ஆள் பார்த்துத் தடை. வீட்டில் கட்டுப்பாடு வைக்கும்போதும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது. அக்காவின் போனை மட்டும் சோதனை போடுகிற வீட்டில், தம்பியின் போனை யாரும் தொடுவதில்லையே, ஏன்?

வெளிநாடுகளிலும் ஊர் சேர்ந்து முயன்றிருக்கிறார்கள். ஜப்பானின் ககாவா மாகாணம் 2020-ல் பிள்ளைகள் பள்ளி நாளில் 60 நிமிடம், விடுமுறையில் 90 நிமிடம் மட்டும் கேம் ஆட வேண்டும் என்று விதி போட்டது. அங்கே ஒரு மாணவர் வழக்கே தொடர்ந்தார். பாரிஸுக்கு அருகே சேன்-போர் என்ற சிறு ஊர், தெருவிலும் கடையிலும் போனைப் பார்த்துக்கொண்டே திரியக் கூடாது என்று 2024-ல் வாக்கெடுப்பு நடத்தித் தீர்மானித்தது. இந்த இரண்டு இடங்களிலும் மீறினால் தண்டனை இல்லை. தண்டனை இல்லாத விதியால் என்ன பயன் என்று கேட்கலாம். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது என்பதற்கு எந்தத் தண்டனை இருக்கிறது?

நாலு பேர் இருக்கும் ஒரு வாடகை வீட்டுக்குக் கோயில் உச்சியும் சைரனும் தேவையில்லை. எல்லோரும் வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு மணி நேரம் போதும். போன்கள் ஃபிரிட்ஜுக்கு மேலேயோ, ஷெல்ஃபிலோ ஒரே இடத்தில் சார்ஜில் கிடக்கட்டும். பழைய லேண்ட்லைன் போன் அப்படித்தான் ஓர் இடத்தில் இருந்தது. யாரும் அதைக் கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை. இப்படிச் சொன்னதும் வருகிற முதல் கேள்வி, 'அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு ஊர்லேர்ந்து கூப்பிட்டா?' என்பது. அதற்கும் வழி இருக்கிறது. 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டுவிட்டு, அதற்குள்ளேயே குறிப்பிட்ட சிலருடைய அழைப்பு மட்டும் வரட்டும் என்று அமைத்துவிடலாம். அந்தப் பட்டியலில் இல்லாதவரும் விடாமல் திரும்பக் கூப்பிட்டால் மணி அடிக்கும்படி ஒரு வசதி உண்டு. ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள், ஐபோனில் 3 நிமிடத்துக்குள் அதே எண்ணிலிருந்து இரண்டாம் அழைப்பு வந்தால் போதும். உயிர் போகிற அவசரம் என்றால் யாரும் ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட மாட்டார்கள். இதை வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: 'எடுக்கலைன்னா உடனே இன்னொரு தடவை அடிங்க, அத்தை.'

இந்த ஒரு மணி நேரத்தை உடைக்கப்போகிறவர் யார் என்று நினைக்கிறீர்கள்? பள்ளிக்கூடம்.

"அம்மா, போனைக் கொஞ்சம் குடும்மா. மேத்ஸ் மிஸ் குரூப்புல ஹோம்வொர்க் போட்ருக்காங்களாம்."

"பாத்து எழுதிட்டு உடனே குடுத்துரணும்."

"சரிம்மா."

மிஸ் போட்டது நாலு கணக்கு, ஒரு போட்டோ. அதற்குக் கீழே 'ஓகே மிஸ்', 'நோட்டட் மிஸ்', கும்பிடு, கும்பிடு, கட்டைவிரல், 'மிஸ், பையன் இன்னைக்கு லீவு, எந்தப் பேஜ்னு சொல்றீங்களா', மறுபடி கும்பிடு. யாரோ ஒரு அப்பா தப்பாகப் போட்டுவிட்டு அழித்த ஃபார்வர்டின் சுவடு. மேலே ஏறி ஏறி அந்தப் போட்டோவைக் கண்டுபிடிப்பதற்குள் திரையின் தலைமாட்டிலிருந்து ஏதோ ஒரு வீடியோவின் அறிவிப்பு இறங்கிவிடுகிறது. நாலு கணக்கு எழுத எடுத்த போன் எப்போது திரும்பி வரும் என்று உங்களுக்குத் தெரியும். குழந்தையைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போனைத் தொடாதே என்று காலை வழிபாட்டில் அறிவுரை சொல்கிற பள்ளியே, மாலையில் பாடத்தைப் போனுக்குள் வைத்து அனுப்பினால் அது என்ன செய்யும்?

பெற்றோர் கூட்டத்தில் இரண்டு விஷயம் கேட்கலாம். ஒன்று, குரூப்பில் அட்மின் மட்டுமே பதிவிட முடியும்படி மாற்றுங்கள் என்பது. வாட்ஸ்அப்பில் அந்த வசதி 2018-லிருந்து இருக்கிறது. நாற்பது 'ஓகே மிஸ்'ஸும் அன்றோடு தீர்ந்தது. இரண்டு, வீட்டுப்பாடத்தைக் கடைசி பீரியடில் டைரியில் எழுதவையுங்கள் என்பது. பழைய டைரிதான். கேட்டுப் பார்த்தால், ராத்திரி பத்து மணிக்குப் பெற்றோரின் சந்தேகங்களுக்குப் பதில் போட்டு அலுத்த ஆசிரியர்களே முதல் ஆளாகக் கை தூக்குவார்கள்.

பள்ளியைச் சமாளித்துவிடலாம். ஆபீஸ் குரூப்தான் கஷ்டம். எட்டு மணிக்கு 'அர்ஜென்ட்' என்று ஒரு சேதி வரும். ஃபைல் தேவைப்படுவது மறுநாள் மதியத்துக்குத்தான் இருக்கும். பிரான்ஸில் 2017 ஜனவரி முதல், 50 பேருக்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றி ஊழியர்களுடன் பேசித் தீர்மானிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இங்கே பாராமதி எம்.பி. சுப்ரியா சுலே 2018 டிசம்பரில் இதே உரிமைக்காக மக்களவையில் ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். 2025 டிசம்பரில் மறுபடியும் கொண்டுவந்தார். தனிநபர் மசோதா ஒன்று நம் நாடாளுமன்றத்தில் கடைசியாக நிறைவேறியது 1970-ல். ஆகவே சட்டத்துக்காகக் காத்திருக்காமல், மேனேஜரிடம் எந்த நேரத்தில், எந்த வார்த்தையில் பேச்சை ஆரம்பிப்பது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)